சத்தமில்லாத பெட்டி

ஒரு கம்ப்யூட்டரில் ஓயாமல் தொணதொணப்பது அதன் விசிறிதான். வீட்டில் படம் பார்க்கவென்று ஒன்றை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரையில் ஒருத்தி மெல்ல அழும்போது டிவிக்குக் கீழே ஏதோ உறுமிக்கொண்டிருந்தால், அந்தப் படத்தைப் பார்த்து என்ன பயன்? நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், சார். அங்கேதான் வருகிறேன்.

நான் அவசரப்பட்டு வாங்கவில்லை. சூடு அதிகம் கிளப்பாத பிராசஸர், படங்களைச் சேமித்து வைக்க உள்ளே எதுவும் சுழலாத எஸ்எஸ்டி, உடம்பெல்லாம் அலுமினியப் பட்டைகள் வைத்த சின்னப் பெட்டி. அந்தப் பட்டைகளே சூட்டை வெளியே விட்டுவிடும், விசிறி தேவையில்லை. கடைக்காரர் சிரித்தார்.

"என்ன சார், மௌன விரதம் இருக்கிற கம்ப்யூட்டரா கேக்குறீங்க?"

"ஆமா. வாயே திறக்கக் கூடாது."

என்ன நினைத்தாரோ, மெதுவாகச் சுற்றும் விசிறி ஒன்றையும் பையில் போட்டார். "ரொம்ப சூடாச்சுன்னா இதை மாட்டிக்குங்க. சத்தம் வராது. ஆனா காத்தும் கம்மிதான், அதை மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை.

பெட்டி அருமையாக அமைந்தது. வம்பே அதனால்தான் வந்தது. அது வாயை மூடியதும் வீட்டில் மற்றதெல்லாம் கேட்க ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தைச் சமையலறைக்கு மாற்றினேன். ஃபிரிட்ஜுக்கு அடியில் ரப்பர் துண்டுகள் வைத்தேன். கடைசியில் மிஞ்சியது பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷின். என் மாமனாருடையது. நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு படுத்துக் கிடந்தார். அது இல்லாமல் அவரால் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. புஸ், டக். புஸ், டக். நான் பார்த்த எல்லாப் படத்திலும் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. தங்கமான மனிதர். முகம் மழித்துவிடுவது, நகம் வெட்டுவது எல்லாம் நான்தான். அந்த மெஷின்தான் என் உயிரை வாங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை அவருக்கு மாட்டிவிட்டு மெஷினைத் திறந்தேன். உள்ளே இருந்த விசிறியைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் தந்ததைப் பொருத்தினேன். சத்தம் கசியாமல் சுற்றிலும் பஞ்சு அடைத்தேன். மூடி ஓடவிட்டதும் பூனை நடப்பதுபோல் இருந்தது.

"மாப்பிள்ளை, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்," என்றார் மாமனார். "இன்னைக்குத்தான் நிம்மதியா கண்ணை மூடுவேன்."

"எங்கப்பாவுக்காக எவ்வளவு மெனக்கெடுறீங்க," என்று மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

மறுநாளே மெஷின் சூடாகி அலாரம் அடித்தது. காதைக் கிழிக்கிற சத்தம். பஞ்சை எடுத்திருக்கலாம். பழைய விசிறி மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது, அதை மறுபடி மாட்டியிருக்கலாம். நான் அலாரத்தின் ஒயரை வெட்டினேன்.

அந்த வாரத்தில் ஒரு மாலை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சிலிண்டரை நிரப்பி வாங்கி அவர் அறை அலமாரியில் வைத்திருந்தோம். எப்படி மாட்டுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை. பாதிப் படத்தில் மெஷின் நின்றது. சூடு மீறினால் அது தானாகவே நின்றுவிடும், கம்ப்யூட்டரும் அப்படித்தான். அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

பிறகு தட்டும் சத்தம் வந்தது. அவரால் குரல் கொடுத்துக் கூப்பிட முடியாதென்று தலைமாட்டில் ஒரு கரண்டி வைத்திருந்தோம். அதைக் கட்டில் கம்பியில் தட்டினார். டங். டங்.

எழுந்து போகத்தான் நினைத்தேன். அதற்குள் திரையில் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினேன். அதிகச் சத்தம் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது, சார். தட்டுவது நின்றதும் பழையபடி குறைத்துவிட்டேன்.