வேன் நாளைக்கு வரும்

வாணங்கள் வெடித்தபோது நான் தமாலே அவித்து இறக்கிக்கொண்டிருந்தேன். சோள மாவு கொஞ்சம் இளகிப்போய்விட்டதே என்பதுதான் அப்போது என் கவலை. இரண்டாவது வாணம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் கட்சி வாங்கிய வாணக்கட்டு என் கட்டிலுக்கடியில் பிரிக்காமல் கிடந்தது. அப்படியென்றால் வெடிப்பவர்கள் அவர்கள். மாநில ஆளுநர் தேர்தலில் நாங்கள் தோற்றதை வானொலி சொல்வதற்கு முன்பே அறிந்துகொண்டேன்.

என் பெயர் உபால்தினா, ஐயா. லோமா செக்கா குன்றில் என்னை மரியாதையாகத் தோன்யா உபா என்பார்கள். என் தாத்தா காலத்திலிருந்து இந்த மாநிலத்தை வேறு கட்சி ஆண்டதில்லை. குன்றில் ஓட்டுச் சேர்ப்பது என் பொறுப்பு. மளிகை மூட்டை, கூரைத் தகரம், தண்ணீர் லாரி எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வாங்கியவர்கள் ஓட்டுச்சீட்டில் எங்கள் பழுப்புக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, அதைக் கைபேசியில் படம் பிடித்து, வெளியே வந்து என்னிடம் காட்ட வேண்டும். இதில் கொடுமை ஒன்றும் இல்லை. வாங்கியதற்கு ஒரு நன்றி, அவ்வளவுதான்.

அன்று எல்லோரும் காட்டினார்கள். அழகழகான பெருக்கல் குறிகள். ஆனால் எங்கள் சாவடிப் பெட்டியைக் கொட்டி எண்ணியபோது பழுப்புக்கு விழுந்தது ஒரு கைப்பிடி கூட இல்லை. மற்றதெல்லாம் எதிர்க்கட்சியின் ஊதா.

மறுநாள் சாவடிக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டுப் போடும் மறைப்புக்குள் தரையெல்லாம் கறுப்பு நூல் துண்டுகள். சீட்டின் மேல் இரண்டு நூலைக் குறுக்காக வைத்துப் படம் பிடித்துவிட்டு, நூலை ஊதித் தள்ளிவிட்டு, ஊதாக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல மூளை என்றுதான் தோன்றியது.

கோழிக்கடை செனோபியாவிடம் கேட்டேன். "என்னடி, அவ்வளவு நூலு எங்க வாங்குனீங்க?"

"எந்த நூலு தோன்யா? என் பாவாடைக் கிழிசலைத் தைக்கவே நூலு இல்லாம ஊசியைக் குத்தி வச்சிருக்கேன். வேணும்னா வந்து பாருங்க."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தக் குன்றில் அது புதிது. ஆட்சி போனதை நான் தாங்கிக்கொள்வேன். அந்தச் சிரிப்பை நிறுத்தியாக வேண்டியிருந்தது.

கட்சி வேன் ஒன்று என்னிடம் இருந்தது. சிறுநீரகம் கெட்டவர்களை நகரத்து மருத்துவமனைக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப் போகும். தையல்காரி ஒதிலியாவின் கணவன் எவரிஸ்தோவும் அதில்தான் போய்வந்தான். போகாவிட்டால் முதலில் கால் வீங்கும். பிறகு மூச்சு முட்டும். பிறகு ஒன்றும் இருக்காது.

தையல்காரி என்பதால் நூல் அவளுடையதுதான் என்று நினைப்பீர்கள். குன்றிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உண்மை தெரியும். ஒதிலியா படமே பிடிக்கவில்லை. சீட்டை மடிக்காமல் கொண்டுவந்து, பெட்டியில் போடுமுன் சாவடி வாசலில் நின்ற எனக்கு உயர்த்திக் காட்டினாள். குறி பழுப்பில் இருந்தது.

"பாத்துக்கங்க தோன்யா. வேனை மட்டும் நிறுத்திடாதீங்க," என்றாள்.

நீங்கள் அரசியல் தெரிந்தவர், புரிந்துகொள்வீர்கள். செனோபியா வீட்டில் நிறைய ஓட்டு. அவளைத் தொட்டால் அத்தனையும் அடுத்த தேர்தலிலும் போய்விடும். ஒதிலியாவுக்கு நாதியில்லை. என்ன செய்தாலும் அவள் எங்கும் போகமாட்டாள். அதனால் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த நடையில் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அவர்கள் தெரு வந்ததும் ஓட்டுநர் பிளாசிதோ வேகத்தைக் குறைத்தான்.

"தோன்யா, அந்தாளு வாசல்ல நிக்கிறாரு. கையை வேற ஆட்டுறாரு."

"ஹாரன் அடிச்சுக்கிட்டே போ. நிறுத்தாத."

"நிறுத்தப்போறதில்லைன்னா ஹாரன் எதுக்கு?"

"மத்த வீட்டுக்கெல்லாம் கேக்க வேணாமா?"

பிளாசிதோ நல்ல பையன். அடித்தான். அதன் பிறகு ஒவ்வொரு நடையிலும் அடித்தான். கதவுகள் திறக்கும், முகங்கள் எட்டிப் பார்க்கும், வேன் போய்விடும்.

ஒதிலியா என்னிடம் ஓடிவந்தாள். நான் அவளைத் திட்டவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். "வண்டியில இடமில்ல. நாளைக்கு வரும்," என்றேன். செனோபியாவுக்கே மனம் கேட்காமல் தன் கோழி லாரியை அவர்கள் வாசலுக்கு அனுப்பினாள். நான் அங்கே போய் நின்றேன்.

"இதுலயா ஏத்தப்போற? கோழி எச்சம், குலுக்கல் வேற. வழியிலயே அவருக்கு ஏதாவது ஆயிடும். அதான் வேன் நாளைக்கு வரும்னு சொல்றேன்ல?"

ஒதிலியா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாளும் வேன் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நோயாளி இருக்கும் வீட்டில் நம்பிக்கை பெரிய விஷயம். அதை நான் கடைசிவரை கொடுத்தேன்.

எவரிஸ்தோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தான். படுத்தால் மூச்சு வரவில்லையாம். சவப்பெட்டி என் செலவு, நல்ல பைன் மரம். சாவு வீட்டில் எல்லோரும் எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். செனோபியா ஒரு கோழியை உரித்துக் கொண்டுவந்து தந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

குன்றைக் கையில் வைத்திருக்க ஆள் வேண்டும் என்று உங்கள் புது ஆளுநர் சொல்லியனுப்பியதாகச் சொன்னீர்கள். அதனால்தான் எதையும் மறைக்காமல் சொன்னேன். நீங்கள் கொண்டுவந்திருக்கும் ஊதா மேலங்கி தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. பரவாயில்லை, ஒதிலியா பிரித்துத் தைத்துத் தருவாள். எனக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் கிடையாது. அவளுக்கும் இருக்காது. நான் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அதோ, வாசலில் நிற்பது அவள்தான். தினமும் வருவாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். ஏன் அதை என்னிடம் வந்து சொல்கிறாள் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

"வேன் வராதுன்னு மட்டும் சொல்லியிருந்தா, அவரு கோழி லாரியிலயே போயிருப்பாரே, தோன்யா."