சங்கு ஊதினால் இறக்கும் குழம்பு

நெய்வேலி சந்தையிலிருந்து திரும்பும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு பை பலாக்கொட்டை.

“சுரங்கத்துச் சங்கு சத்தம் இல்லாம குழம்பு சரியா வரலக்கா,” என்றார் அவர். “குவார்ட்டர்ஸ்ல முதல் சங்குக்கு அடுப்புல வெப்பேன், ரெண்டாவது சங்குக்கு இறக்குவேன். கருவாடுகூடப் போடாத குழம்பு, எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சு வந்து மூணு தட்டு சாப்பிடுவாரு. ரிட்டையராகி மேல்பட்டாம்பாக்கம் போனதுலேருந்து கொட்டை குழைஞ்சிடுது. ரெண்டு வாய்ல எழுந்துடறாரு.”

“வூட்டுல கடிகாரம் இல்லியா?”

“இருக்கு. யாரு அதப் பாத்துகினு இருக்கறது?”

இன்னும் அதே குவார்ட்டர்ஸ் பிளாக்கில் குடியிருக்கும் அக்கா சிரித்தார். “ரெண்டு சங்குக்கும் நான் போன் அடிக்கிறேன். எடுக்காத, அடுப்பப் பாரு.”

“நீங்க கூப்பிட்டா எடுக்காம எப்படிக்கா? பேசிகினே இருந்து மறுபடியும் குழைய விட்டுடுவேன்.”