விரல் நீளக் கத்தி

எடம் சரிதாங்க மாஸ்டர். இதான் அழகரு இருந்த லயம், அந்தக் கடைசிக் காம்பராதான். ஆளுதான் இல்ல. இந்தியாவுக்குப் போயி ரெண்டு வருசமாச்சி. அங்க இப்ப வேற குடும்பம் இருக்கு, தட்டாதீங்க. இப்புடி வாங்க, நான் பக்கத்துக் காம்பராதான். மாரிசாமி. அழகரு எனக்கு மச்சான் மொற வேணும்.

ஒக்காருங்க. ஸ்பிரிங்வெளியில பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தா வந்தீங்க, இந்த மழையில? அலவி மாஸ்டர்னா... பதுளைக்கு மஞ்ச ரோசா கொண்டுபோனது நீங்களா? சொல்லியிருக்கான், சொல்லியிருக்கான். அந்தச் செடி பட்டுப்போச்சா? அடடா. அதுக்குத்தான் திரும்ப ஒட்டுக் கட்டச் சொல்லலாம்னு வந்தீங்களா.

நீங்களே கட்டலாமே, பையில கத்தி தெரியுதே? ஆமா, அந்தச் சின்ன மடக்குக் கத்தி. எப்ப வாங்குனீங்க? சேகுவேராக் கொழப்பத்துக்குப் பொறகா? கடதாசி கேட்டிருப்பாங்களே. ஸ்கூல் பிரின்சிபல் எழுதிக் குடுத்தாரா. எத்தன நாள் அலைஞ்சீங்க? ஒரே நாளா!

த்தூ... மன்னிச்சிக்குங்க மாஸ்டர், ஒங்களச் சொல்லல. அதே மாதிரிக் கத்திக்குத்தான் அவன் நாலு மாசம் நாயா அலைஞ்சான்.

சொல்றேன், டீயக் குடிங்க.

அழகரு எங்க கூட கவ்வாத்து வெட்டுறவன். ஒத்தக் கையால வீசினான்னா தேயில வாது பூராவும் ஒரே மட்டத்துல நிக்கும். ஞாயித்துக்கெழமை ஆனா ரோசா. மத்தவன் சாராயத்துக்குப் போவான், இவன் காட்டு ரோசாவத் தேடி ஓடக்கரைக்குப் போவான். பால்மா டின்னுல நட்டு, நல்ல ரோசாவுலேருந்து ஒரு கண்ண எடுத்து, இதோட தோலக் கீறி உள்ள வச்சி, வாழ நாரால கட்டுவான். அதுக்குக் கத்தி மெல்லிசா இருக்கணும், ஒங்களுக்குத் தெரியாததா. கேக்குறவுங்களுக்கு எல்லாம் சும்மாவே தூக்கிக் குடுப்பான். லெச்சுமி, அவன் பொஞ்சாதி, திட்டித் தீப்பா. பங்களாத் தோட்டக்காரன் குடுத்த ஒரு கொம்புப்பிடிக் கத்தி வச்சிருந்தான். உசுரு அது அவனுக்கு.

அந்த எழுவத்தோராஞ் சித்திர மாசம் கொழப்பம் வந்திச்சில்ல. கீழ ஊருல சிங்களப் பொடியன்மாரு துவக்கத் தூக்கி பொலிஸ் ஸ்டேசன அடிச்சாங்க, நமக்கு அதுல என்ன சம்பந்தம்? ஆனா ஒருநாக் காலையில பெரட்டுல பேர் குடுக்க நிக்கிறோம், ஜீப்பு வந்திச்சி. வூட்டுல இருக்கிற கத்தி கித்தி எல்லாத்தையும் கொண்டாந்து போடுன்னாங்க. போட்டோம். மலை மாதிரி குமிஞ்சி கெடந்திச்சி. மீன் வெட்டுற கத்தி, அருவா, புல்லு அறுக்கிற பன்னருவா. ஒரு கெழவி பாக்குவெட்டியப் போட்டிச்சி மாஸ்டர், பாக்குவெட்டி! அதையும் அள்ளிக்கிட்டுத்தான் போனாங்க. ஒளிச்சி வைக்கிறவன் ஒளிச்சி வச்சான். அழகரு ஒளிக்கத் தெரியாதவன், அந்தக் கொம்புப்பிடியயும் கொண்டுபோயி மேல வச்சான். போடல, வச்சான்.

திருப்பி யாரு தந்தா? கவ்வாத்துக் கத்திய மட்டும் காலையில எண்ணிக் குடுப்பாங்க, சாயந்தரம் எண்ணி வாங்கி சாமான் காம்பராவுல பூட்டிருவாங்க. புதுசு வாங்கணும்னா தோட்டத்துக் கடதாசி வேணும், அதுல ஸ்டேசன் முத்திர வேணும். ஸ்டேசனுக்குப் புதுசா வந்திருந்த பெரிய பொலிஸ் ஐயா போட்ட சட்டம்.

எங்க பொம்பளைங்க பட்ட பாட்டக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. லெச்சுமி பூசணிக்காயத் தூக்கிக் கல்லுல அடிச்சி ஒடைப்பா. கருவாட்டப் பல்லால கடிச்சிப் பிச்சிப் போட்டா. மீன் டின்னு மூடிய மடக்கி வெங்காயம் அரிஞ்சி, அவ வெரலு கிழிஞ்சி சீழ் வச்சிச்சி. அதே மாசம் கீழ் டிவிசன்ல ஒருத்தன் குடிச்சிட்டு சொந்தத் தம்பிய, குழி தோண்டுற அலவாங்கால குத்திக் கொன்னான். அலவாங்குக்குக் கடதாசி கேட்டாங்களா? மம்பட்டிக்குக் கேட்டாங்களா? வெட்டணும்னு நெனச்சவனுக்கு எது கெடச்சாலும் போதும். வெங்காயம் அரியிறவதான் கடதாசி வாங்கணும். என்னா புத்தி!

அழகரு மொதல்ல பதுளக் கடவீதிக்குப் போனான், பலீல் மொதலாளி கடைக்கி. நல்ல மனுசன் அவரு. அலுமாரியில ஆறு கத்தி கெடக்கு அழகரு, கண்ணாடி வழியாப் பாத்துக்க, எடுத்துக் குடுத்தா என் கடையச் சாத்திருவாங்கன்னு சொல்லியிருக்காரு. இவன் பாத்துட்டு வந்தான். சேவிங் பிளேடால கட்டிப் பாத்தான். அது வளைஞ்சி வளைஞ்சி தோலக் கிழிக்கிது, ஒரு கண்ணும் புடிக்கல.

பொறகு தோட்டத்து ஆபீசு. பெரிய கிளாக்கரு எதுக்குடா கத்தின்னாரு. ரோசாவுக்குங்கன்னு இவன் உள்ளதச் சொல்லிட்டான். ஆபீசே சிரிச்சிச்சாம். கூலிக்காரன் பொஞ்சாதி தலையில கனகாம்பரம் வச்சாப் போதாதா, ரோசா கேக்குதான்னாரு. மூணு தடவ தொரத்திட்டு நாலாந் தடவ எழுதிக் குடுத்தாரு. அதத் தூக்கிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனா, சார்ஜனு படிச்சிட்டு கிராமசேவகர் கையெழுத்தும் வேணும்னுட்டான். மூணு மைலு நடந்து அங்க போனான். அந்த ஆளு பொஸ்தகத்த ஒருதரம் பொரட்டிட்டு, நீ என் லிஸ்ட்டுல இல்லையே, தோட்டத்து ஆளுக எல்லாம் இந்த நாட்டு ஆளுகளான்னே இன்னும் முடிவாகல, இல்லாத ஆளுக்கு நான் எப்புடிக் கையெழுத்துப் போடுறதுன்னு கேட்டிருக்கான்.

இல்லாத ஆளு. இந்த மலையில பொறந்து முப்பது வருசம் கவ்வாத்து வெட்டினவன்.

அன்னிக்கி வந்து இந்த எடத்துலதான், நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அங்கதான் ஒக்காந்தான். பொறகு மச்சான், நானே செஞ்சிக்கிறேன்னான்.

செஞ்சான். பெக்டரியில ஒடைஞ்சி கெடந்த ரம்பப் பிளேடுல ஒரு துண்டு. என் வாசல்ல இருக்கிற கல்லுலதான் தீட்டினான், நாலு ஞாயித்துக்கெழமை. நான் தண்ணி ஊத்தினேன். கொய்யாக் கட்டையில பிடி போட்டான். என் நடுவெரல் நீளம் வருமா? அதுகூட வராது. அத வச்சிக் கட்டினதுதான் ஒங்க மஞ்ச ரோசா. ஆமாங்க, அதேதான்.

ஒங்ககிட்டக் குடுத்து ஒரு மாசம் இருக்காது, ஜீப்பு வந்திச்சி. நடு மத்தியானம். எந்தக் காம்பராவயும் பாக்கல. நேரா அவன் காம்பராவுக்குப் போயி, அடுப்புக்கு மேல தகரத்த நெம்பி, கத்திய எடுத்துட்டாங்க. பொண்டாட்டி புள்ள முன்னால மலையிலேருந்து இழுத்துக்கிட்டு வந்தாங்க. கடையில வாங்கியிருந்தாக்கூட ஒரு பேச்சுக்கு ஆவும், களவா ஆயுதம் செஞ்சிருக்கான்னு வழக்கு. ரோசாவக் காட்டினான் மாஸ்டர். ரெண்டு கையயும் கட்டிப் போட்டிருக்க, டின்னத் தோளால தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒரு பொலிஸ்காரன் பூட்ஸால எத்தி விட்டான்.

ரெண்டு மாசம் றிமாண்டு. கோட்டுல அந்தக் கத்திய மேசையில வச்சப்ப நீதவானுக்கே வெறுத்துப் போச்சி போல, எச்சரிச்சி விட்டுட்டாரு. விட்டா ஆச்சா? செக்றோல்ல பேர வெட்டி வேலைய நிப்பாட்டிட்டாங்க. காம்பராவக் காலி பண்ணுன்னாங்க. இந்த நாட்டுலயே இருக்கணும்னு பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தவன், அத வாபஸ் வாங்கிட்டு இந்தியாவுக்குப் போறதுக்குக் கையெழுத்துப் போட்டான். எவனாவது நாளைக்கி இன்னொரு கத்தியக் காட்டி என் புள்ளையப் புடிச்சிக்கிட்டுப் போவான் மச்சான்னான். பதுள ஸ்டேசன்ல ரயிலேத்தினது நான்தான். லெச்சுமி, மக, ரெண்டு ட்ரங்குப் பொட்டி. ராமநாதபுரம் பக்கம்னாங்க. அந்த வெயில்ல ரோசா எங்க வரப்போவுது.

செடியெல்லாமா? எங்கிட்டத்தான் விட்டுட்டுப் போனான். தண்ணி ஊத்து மச்சான்னு சொல்லிட்டுத்தான் போனான். பின்னால பதினோரு டின்னு இருக்கு. ஊத்துறேன். பூத்தா நான் பாக்குறதில்ல. ஒங்களுக்கு வேணும்னா அத்தனையும் கொண்டு போங்க, சாக்கு தர்றேன், பஸ்ஸு நிக்கிற வாகை மரத்தடி வரைக்கும் நானே தூக்கிக்கிட்டு வர்றேன்.

யாரு காட்டிக் குடுத்ததா?

கிளாக்கரு இல்லீங்க. எல்லாரும் அந்த ஆளத்தான் நெனச்சாங்க, நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.

ஜீப்பு வந்த அந்த வாரம் சாயந்தர எண்ணிக்கையில ஒரு கவ்வாத்துக் கத்தி கொறஞ்சிச்சி. என் கத்தி. எங்க வச்சேன்னே தெரியல. ஸ்டேசனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அடிச்சிருந்தாலாவது சொல்லிக்கலாம் மாஸ்டர், ஒரு அடி அடிக்கல. பெஞ்சுல ஒக்கார வச்சி டீ குடுத்தாங்க. சார்ஜனு தோள்ல கை போட்டு, ஒங் கத்திய நான் மறந்துர்றேன், லயத்துல வேற எவன்கிட்டயாவது இருக்கான்னு மட்டும் சொல்லுன்னான். டீ பாதிகூடக் குடிக்கல. அடுப்புக்கு மேல, தகரத்துக்குள்ளன்னு எடம் வரைக்கும் சொன்னேன்.

என் கத்தி மூணாம் நாள் கெடச்சிச்சி. நான் வெட்டிக்கிட்டிருந்த மலையிலதான், தண்ணி ஓடுற கான்ல விழுந்து கெடந்திச்சி.

அவனுக்கா? தெரியாது. ரயில்ல ஏறும்போது கட்டிப்புடிச்சி அழுதான். லெச்சுமிக்குத் தெரியும். வர்றேன் அண்ணேன்னு எப்பவும் சொல்றவ, அன்னிக்கி எம் பக்கம் திரும்பவே இல்ல.