மண்ணுக்கடியில் பிறந்த பாட்டு

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை கபிரியேல் அடிகளாரே, ஆலயப் பணியில் நரைத்துப்போன உபதேசியார் சிலுவைராஜ் அவர்களே, ஏலப்பாறையிலிருந்து மழையோடு மழையாக நடந்து வந்திருக்கும் பெரியோர்களே, தேயிலைக் கொழுந்து கிள்ளிக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

நம் ஆலயத்தின் பாட்டுப் புத்தகம் இன்று வெளியாகிறது. லத்தீனில் பாடினோம், பொருள் புரியாமலே உருகினோம். தமிழில் பாடலாம் என்று திருச்சபை சொன்னபிறகு, எங்கெங்கிருந்தோ பாட்டுகளைத் தேடித் திரட்டினோம். இந்தப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பாட்டு மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. அது எங்கே பிறந்தது? அரண்மனையிலா? அறிஞர் வீட்டிலா? இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் மேல் லயத்தின் மண்ணுக்கடியில் பிறந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எழுபத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம். ஆறு நாள் ஓயாத மழை. காலையில் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருந்த நேரம். மறந்துவிட்டுப் போன கம்பளியை எடுக்கத் திரும்பி வந்தார் செபமாலையம்மாள். அவர் கண் முன்னாலேயே மலைச்சரிவு பெயர்ந்து வந்து, லயத்தின் கடைசி நான்கு வீடுகளை மூடியது. ஒரு வீட்டில் முத்துப்பேச்சி காய்ச்சலோடு படுத்திருந்தாள். சுடலைமாடனுக்குப் பொங்கலிடும் குடும்பத்துப் பெண். செபமாலையம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

ஓடிப்போய்ப் பார்த்தால், உத்தரக்கட்டையின் இடுக்கில் ஒரு கை மட்டும் வெளியே தெரிகிறது. அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது: “அக்கா, தூக்கமா வருதுக்கா.”

“தூங்காதடி பேச்சி. ஆம்பளையாளு கடப்பாரை எடுத்துட்டு வாராக. நீ பேசிக்கிட்டே இரு.”

“பேச முடியலக்கா.”

பெயர் சொல்லி அழைத்தார், பதில் குறைந்தது. கதறினார்; பதில் நின்றது. என்ன செய்வார் அந்தத் தாய்? கொழுந்து கிள்ளும்போது பாடுகிற மெட்டை எடுத்தார். வாயில் வந்த வார்த்தையை அதில் வைத்தார்.

“மண்ணு மூடிப் போனாலும் மறக்காத சாமியே,
இருட்டுக்குள்ள இருப்பவள எட்டிப் பாரு சாமியே.”

மறுபடியும் மறுபடியும் பாடினார். “அடுத்த அடிய நீ சொல்லுடி பேச்சி” என்று கெஞ்சினார். நெடுநேரம் கழித்து, மண்ணுக்குள்ளிருந்து அதே மெட்டில் வந்தது பதில்:

“பேரு தெரியாது எனக்கு, பேசுறது கேக்குது,
யாரு நீ ஆனாலும் என் கைய விட்டுராத.”

நான்கு மணி நேரம், பெரியோர்களே. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. ஒருத்தி பாட, ஒருத்தி பதில் பாட, சத்தம் கேட்டு ஓடி வந்த நாங்கள் தோண்டினோம். மற்ற வீடுகளிலிருந்து மூன்று பேரை உயிரற்ற உடலாகத்தான் எடுத்தோம். முத்துப்பேச்சி ஒரு காலை இழந்து, உயிரோடு வந்தாள்.

அந்தப் பாட்டு லயம் லயமாகப் பரவி, பெரிய வெள்ளியன்று ஆலயத்துக்குள்ளும் நுழைந்தது. இனி நான் சொல்வது என் குற்றம். புத்தகத்துக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவன் நான். முத்துப்பேச்சி பாடிய அந்த இரண்டாம் கண்ணியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஆண்டவனைப் பாடும் பாட்டில் ‘பேரு தெரியாது’ என்று வரலாமா? ஞானஸ்நானம் பெறாதவளின் வார்த்தை பீடத்தின் முன் ஒலிக்கலாமா? அப்படித்தான் கேட்டேன். பின்னால் ஓர் அண்ணன் தலை குனிகிறார். ஆமாம் அண்ணே, அன்று நீங்களும் என்னோடு சேர்ந்து தலையாட்டினீர்கள்.

செய்தி கேட்டு செபமாலையம்மாள் என் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். சத்தம் போடவில்லை.

“வாத்தியாரய்யா, எம் பாட்டையும் சேத்து அடிச்சிருங்க.”

“ஏம்மா, உங்கள் கண்ணியில் குறையில்லையே?”

“நான் பாடுனது பயத்துல, அய்யா. சாமி இருக்காரான்னு அன்னைக்கு எனக்கே சந்தேகம். அவ பதில் சொன்னப் பெறவுதான் இருக்காருன்னு நம்புனேன். அவ அடிய எடுத்துட்டா, எம் அடி பொய்யி.”

முப்பது ஆண்டு செபம் சொன்னவன் நான். ஆண்டவன் பெயரைச் சரியாகச் சொன்னேன்; பேச்சி பற்றிய அந்தக் கையை ஒருநாளாவது தேடினேனா? அன்று மாலையே அடிகளாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். அடித்த வரிகளை என் கையாலேயே திரும்ப எழுதினேன்.

பெயர் போட அனுமதி கேட்கப் போனபோது முத்துப்பேச்சி சிரித்தாள். “எங்க மாடசாமி கோவிச்சுக்கிடாதா அய்யா?” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “போடுங்க. அக்கா பேருக்குப் பக்கத்துல போடுங்க” என்றாள்.

போட்டிருக்கிறோம். இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருக்கின்றன. தாய்மார்களே, பாட்டு எழுதப் படிப்பு வேண்டுமா? பட்டம் வேண்டுமா? மதத்தின் முத்திரை வேண்டுமா? உயிர் போகும் நேரத்தில் இன்னொரு உயிரை விடாமல் பற்றிய கை போதும் என்று நம் மலை சொல்லிவிட்டது. இந்தப் பாட்டைப் பாடும்போது எவரும் எழுதப்பட்டதை மட்டும் பாடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டு பாடுங்கள்.

நனைந்த உடையோடு இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் பொறுமைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும் என்று வாழ்த்தி, வணங்கி அமர்கிறேன்.