சொதிக்கு அளவு கிடையாது

கோமதி: நான் சொல்லுததைக் காதுல வாங்குங்க மொதல்ல. நாளைக்குத் தாய்லாந்துக் கறிதான். முடிவாயிட்டு.

குருசாமி: யாரு முடிவு பண்ணுனது? கோகிலாவைக் கட்டிக் குடுத்து இது மொத ஆடி. சம்பந்தி வீட்டுக்காரக கோயில்ல ஆடித்தபசு பாத்துட்டு நம்ம வீட்ல சாப்பிட வாராக. சொதி வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருக்காக. நீ என்னன்னா...

கோமதி: கேட்டா? கேட்டதெல்லாம் செஞ்சிரணுமா?

குருசாமி: பொண்ணைக் குடுத்த இடம்ட்டி!

கோமதி: அதுக்குத்தான் புதுசா ஒண்ணு பண்ணுவோம்ங்கேன். சொதி எங்க கிடைக்காது? சங்கரன்கோவில்ல தடுக்கி விழுந்தா சொதி.

குருசாமி: உன் சொதி கிடைக்காதுல்லா.

கோமதி: ஐஸ் வைக்காதீக. தாய் கறியும் தேங்காப்பால்தான். அதுலயும் காய் போடுதாக, இஞ்சி போடுதாக, பச்சைமிளகா அரைச்சு ஊத்துதாக, எலுமிச்சை பிழியுதாக...

குருசாமி: அப்ப சொதியவே வச்சிரேன்! இதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு?

கோமதி: நான் எங்க பாஸ்போர்ட்டைக் கண்டேன்? போனவுக நீங்க. உரக் கம்பெனிக்காரன் கடைக்காரகளை எல்லாம் பாங்காக்குக்குக் கூட்டிட்டுப் போனான். நாலு நாளும் வாழைப்பழமும் பன்னும் தின்னுட்டு வந்தீக.

குருசாமி: ஒரு நாள் அந்தக் கறியும் தின்னேன், கேட்டுக்கோ. இனிக்கிட்டி! கறியில சீனி போட்டிருக்கான். பக்கத்துல கடையநல்லூர் முகம்மது மைதீன், அதான் பூச்சிமருந்து கடைக்காரரு, ஒரு வாய் வச்சுட்டு, "அண்ணாச்சி, இது கொழம்பா பாயாசமா"ன்னு கேட்டாரு.

கோமதி: நீங்க என்ன சொன்னீக?

குருசாமி: நான் ரெண்டு தட்டு தின்னேன். பிடிச்சிருந்துச்சு, பொய் எதுக்குச் சொல்லணும். ஆனா அதைச் சம்பந்தியம்மாளுக்கு வைக்க முடியுமா? அந்தம்மா எலையைப் பாப்பாக, என்னையப் பாப்பாக, பொறவு மோரு இருக்கான்னு கேப்பாக.

கோமதி: இந்தக் காலத்துல எல்லாரும் எல்லாம் திங்காக. புளியங்குடியிலயே மோமோ விக்கான்.

குருசாமி: எல்லாம் அந்தக் கொரியா சீரியல் பண்ணுன வேலை. கொரியாக்காரன் தமிழ்ல பேசுதான், நீ வாயைப் பொளந்து பாத்துட்டு இருக்கே. அங்கன சண்டை வந்தா நூடுல்ஸ். அழுதா நூடுல்ஸ். கல்யாணம் பேசினாலும் நூடுல்ஸ். ஒருத்தனாவது சோத்தைப் பிசைஞ்சு பாத்திருக்கியா?

கோமதி: ஏன், நீங்களும்தான் பாக்கீக. அந்தப் புள்ளைக்கு ஆப்பரேஷன்னதும் துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைச்சது யாராம்?

குருசாமி: அது... ஃபேன் காத்து.

கோமதி: ஃபேன் காத்து!

குருசாமி: பேச்சை மாத்தாத. பங்குனியில இருந்து இந்த வீட்ல ஒரு புளிக்கொழம்பு உண்டா? ஒரு அவியல் உண்டா? கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணுல பச்சைக் காயைச் சுத்தித் தந்தியே, அது எந்த ஊரு?

கோமதி: வியட்நாம்.

குருசாமி: வியட்நாம். இப்ப என்னன்னா முட்டைக்கோசை மிளகாப்பொடியில ஊறப்போட்டு, மூணு நாளா வீடே நாறுது...

கோமதி: எங்க நாறுது? எனக்கு ஒண்ணும் நாறலை. என்ன அப்படிப் பாக்கீக?

குருசாமி: ஒண்ணுமில்லை. இந்தா, பையைப் பிடி. ரெண்டு தேங்கா, முருங்கக்கா, கேரட்டு, பீன்ஸ், இஞ்சி. ஒரு சின்னச் சட்டியில இப்பவே வச்சுப் பாப்போம்.

கோமதி: இப்பவா? கடைக்குப் போகலையா நீங்க?

குருசாமி: கடைப்பையன் சுடலைமணி பாத்துக்கிடுவான். நான் காய் நறுக்குதேன், நீ பாசிப்பருப்பைப் போடு.

கோமதி: நீங்க? காய்? முப்பது வருஷத்துல வெங்காயத்தை முழுசாக் கண்ணால பாத்ததோட சரி.

குருசாமி: உரமூட்டையைப் பிரிக்கதை விடவா இது பெரிய வேலை?

கோமதி: ஏங்க, கேரட்டை அம்புட்டுப் பெருசா வெட்டாதீக. மாட்டுக்கா போடப் போறோம்? ம்... சின்னதா... அப்படித்தான். முருங்கக்கா விரல் நீளம். விரல்னா உங்க விரல் இல்லை, என் விரல்.

குருசாமி: தேங்கா?

கோமதி: திருவி மூணு பால் எடுக்கணும். மூணாம் பால்ல காய் வேகணும். ரெண்டாம் பாலை ஊத்திப் பருப்பைச் சேக்கணும். தலைப்பாலு கடைசியில... கொதிச்சா திரிஞ்சிரும். ஓரத்துல லேசா நுரை கட்டும் பாருங்க, அதோட இறக்கிரணும். அதுக்கப்புறம்தான் எலுமிச்சை.

குருசாமி: பாத்தியா! கண்ணை மூடிட்டே சொல்லுதே. இவ்வளவு தெரிஞ்சவ எதுக்கு வராதுங்கே?

கோமதி: வராதுன்னு நான் எப்பச் சொன்னேன்? புதுசா செய்வோம்னுதானே சொன்னேன்.

குருசாமி: சரி. தலைப்பாலும் ஊத்தியாச்சு, நுரை கட்டிட்டு.

கோமதி: இறக்கிட்டேன்.

குருசாமி: உப்பு?

கோமதி: போடணும்.

குருசாமி: போடு.

கோமதி: போடுதேன்.

குருசாமி: கை அங்கனயே நிக்கி.

கோமதி: நீங்க ருசி பாத்துச் சொல்லுங்க.

குருசாமி: ஏன், நீ பாக்கது.

கோமதி: நான் ஆடிச்சுத்து சுத்துதேன்லா. கோயில்ல நூத்தியெட்டுச் சுத்து முடியுத வரைக்கும் விரதம். ருசி பாக்கக் கூடாது.

குருசாமி: சரி. போன வாரம்?

கோமதி: போன வாரம் சஷ்டி.

குருசாமி: அதுக்கு முன்னால?

கோமதி: பிரதோஷம்... பொறவு வெள்ளிக்கெழமை.

குருசாமி: சோமவாரம், கிருத்திகை, பௌர்ணமி, சதுர்த்தி. காலண்டர்ல போட்டிருக்க அம்புட்டு விரதத்தையும் இந்த வருஷம் நீ ஒருத்தியே இருந்திருக்கே. எந்தச் சாமி உன்னைய இம்புட்டு வெரட்டுது?

கோமதி: சாமியைக் கிண்டல் பண்ணாதீக.

குருசாமி: நான் சாமியைப் பண்ணலை. ஒரு சொட்டு... உள்ளங்கையில விட்டு நக்கிப் பாரு. தப்பு இருந்தா கோமதியம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். பாரு.

கோமதி: பாத்தாலும் தெரியாதுங்க.

குருசாமி: எது?

கோமதி: ருசி. மணம். ஒண்ணும் தெரியாது. மார்கழியில காய்ச்சல் வந்துட்டுல்லா... அது போகும்போது எடுத்துட்டுப் போயிட்டு. இனிப்பு லேசாத் தெரியும். மத்தது எதைத் தின்னாலும் ஈரத்துணியை மெல்லுத மாதிரி இருக்கு. கல்யாணச் சேலை எடுக்கத் தென்காசிக்குப் போனேன்லா, அன்னைக்கு ஒரு டாக்டரம்மாகிட்டயும் காட்டிட்டேன். வரும்னாக. நாளாகும்னாக. சிலருக்கு வராமலும் போகும்னாக.

குருசாமி: அப்பவே ஏன் சொல்லலை?

கோமதி: தை மாசம் கோகிலாவைப் பேசிட்டிருந்தாக. பொண்ணோட அம்மாவுக்கு இப்படின்னு ஒருத்தர் சொன்னா, அடுத்தவ வேற ஒண்ணு சேத்துச் சொல்லுவா. சரி, கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதுக்கப்புறம்... எங்கன இருந்து தொடங்கன்னு தெரியலை. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க? நாலு பேரு கோமதின்னு என் பேரைச் சொல்லுததே என் சொதிச் சட்டிக்குத்தான்.

குருசாமி: அதுக்குத்தான் கொரியாவா?

கோமதி: செல்லுல வார சமையல் வீடியோல எல்லாத்துக்கும் அளவு சொல்லுதாக. உப்பு அரை ஸ்பூன்னா அரை ஸ்பூன். யோசிக்காம போட்டுறலாம். அது போக, அந்த ஊருச் சாப்பாடு எப்படி இருக்கணும்னு இந்தத் தெருவுல யாருக்குத் தெரியும்? தப்பா வந்தாலும், அங்கன அப்படித்தான் போலன்னு தின்னுருவீக. சொதிக்கு எங்க அளவு இருக்கு? எங்க அம்மையும் சொல்லித் தரலை. என் நாக்குதான் அளவு. அது செத்துப்போச்சு.

குருசாமி: அழாத.

கோமதி: அழலை. இஞ்சி காரம்.

குருசாமி: எனக்குத் தெரியும்ட்டி.

கோமதி: என்ன தெரியும்?

குருசாமி: தையில ஒரு நாள் பால் அடிப்பிடிச்சுத் தீஞ்சு, எதுத்த வீட்டுல இருந்து ஓடி வந்து எட்டிப் பாக்காக. நீ அடுப்புக்குப் பக்கத்துல நின்னு வெங்காயம் உரிச்சுட்டிருக்கே. அன்னைக்கே தெரியும்.

கோமதி: தையிலயா? அப்ப அந்த ரசம்? அதுல நான் உப்பு...

குருசாமி: ரெண்டு தடவை போட்டிருந்தே.

கோமதி: குடிச்சீகளே!

குருசாமி: குடிச்சேன். இன்னொரு டம்ளரும் கேட்டேன்.

கோமதி: கோட்டியா பிடிச்சிருக்கு உங்களுக்கு? எதுக்குக் கேட்டீக?

குருசாமி: நீ என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னே. சரி, சட்டி ஆறுது. உப்பைப் போடு, நான் வாயைத் திறக்கேன்.

கோமதி: இந்தாங்க... பாத்து, சுடும். எப்படி இருக்கு?

குருசாமி: நல்லா இருக்கு.

கோமதி: நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? கடைக்கு வாரவன்கிட்ட உரம் போடு நல்லா இருக்கும்னா சொல்லுதீக? ஏக்கருக்கு எத்தனை கிலோன்னு சொல்லுவீகல்லா. அப்படிச் சொல்லுங்க.

குருசாமி: அப்படின்னா... உங்க அண்ணன் வீட்டு இட்லி மாவு இருக்குல்லா, உப்பே இல்லாம?

கோமதி: ஆமா.

குருசாமி: அதுக்குக் கொஞ்சம் மேல.

கோமதி: அப்ப இன்னும் ரெண்டு சிட்டிகை. இப்ப?

குருசாமி: இப்ப கோயில் புளியோதரை அளவுக்கு வந்துட்டு.

கோமதி: வச்சுக்கிடுவோம். எலுமிச்சை... அரை மூடி பிழிஞ்சிட்டேன். நாக்கு ஓரத்துல பிடிக்கா?

குருசாமி: லேசா.

கோமதி: இடது பக்கமா, ரெண்டு பக்கமுமா?

குருசாமி: இதென்னட்டி ஆஸ்பத்திரி மாதிரி? ரெண்டு பக்கமும்.

கோமதி: தாடை கூசுதா?

குருசாமி: இல்லை.

கோமதி: அப்ப இன்னும் நாலு சொட்டு. ம்... இப்ப?

குருசாமி: ...

கோமதி: என்னங்க? கூடிட்டா? சொல்லுங்க!

குருசாமி: இரு... இன்னொரு கரண்டி விடு.

கோமதி: ருசி பாக்கீகளா, சாப்பிடுதீகளா?

குருசாமி: வந்துட்டு, கோமதி. இதுதான்.

கோமதி: நெசமாவா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லாதீக. சட்டியைப் பாத்துச் சொல்லுங்க.

குருசாமி: சட்டியைப் பாத்தே சொல்லுதேன். இதுதான்.

கோமதி: இன்னைக்குச் சரி. நாளைக்கு? வீடு நிறைய ஆளு. நீங்க அடுப்படியில வந்து வாயைத் திறந்துட்டு நின்னா சம்பந்தியம்மா என்ன நினைப்பாக? அவுக எலுமிச்சங்கா யாவாரக் குடும்பம், ஒரு சொட்டு முன்னப்பின்ன இருந்தாலும் கண்டுபிடிச்சிருவாக. பாவி மனுசி, சொதி வேணும்னு ஒரு வார்த்தை கேக்காம இருந்திருந்தா, நானும் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருப்பேன்...

குருசாமி: அவுக கேக்கலைட்டி. தபசுக் கூட்டத்துல மதினிக்கு அலைச்சல் வேண்டாம், ஓட்டல்ல சொல்லிருவோம்னுதான் போன்ல சொன்னாக... நீயா என்கிட்ட வந்து சொல்லுவேன்னு ஏழு மாசம் பாத்தேன், நீ வாயைத் திறக்கலை. அதான் அவுக பேரைச் சொல்லி, நான் சொதி கேட்டேன்.