பதில் எங்கிட்டயே இருக்காம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பக்கத்துப் பக்கத்து வீடு என்பது பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னதைக் கேட்டுத்தான் போனைக் கீழே வைத்தேன்.

"நான் என்ன சொன்னாலும் அந்த கவுன்சலர் அதையே திருப்பிச் சொல்றாங்கக்கா. பயமா இருக்குன்னேன். 'உங்களுக்குப் பயமா இருக்கு'ங்கறாங்க."

"இதுக்கா வாராவாரம் ஈப்போ போற?"

"என்ன செய்யணும்னு கேட்டா, பதில் உங்ககிட்டயே இருக்குங்கறாங்க. எங்கிட்ட இருந்தா நான் ஏன் பஸ் ஏறப் போறேன்?"

"அப்ப போவாத லா."

"போவாம இருக்க முடியலக்கா. வீட்டுல நான் பாதி சொல்றப்பவே, உனக்கென்ன பைத்தியமான்னு எழுந்து போயிடறாங்க. இவங்கதான் கடைசி வரைக்கும் கேக்கறாங்க. அன்னிக்கு மட்டும் நல்லாத் தூக்கம் வருது. மறுநாள் எந்திரிச்சா மறுபடியும் அதே கேஸ் அடுப்பு."

பாதி வழியில் இளையவர் கேட்டார்.

"அக்கா, வரும்போது கேஸ அடைச்சேனா?"

"அடைச்ச லா. மூணு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வந்தியே. நான் வெளியதான நின்னேன்."

"கடைசித் தடவ தொட்டுப் பாத்தப்ப தெறந்துட்டனோ?"

மூத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். பிறகு மெதுவாக, "உனக்குப் பயமா இருக்கு," என்றார்.

இளையவர் அவரையே பார்த்தார். "ஆமாக்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

பிறகு எழுந்து, "ஒரு தடவ வீட்டுக்குப் போய்ப் பாத்துடறேன்க்கா," என்று நடுவழியிலேயே இறங்க மணியை அழுத்தினார்.