மூன்றாம் காட்சியில் வாணி

மாலை ஆறே முக்கால். கேரி தீவு எஸ்டேட்டில் ஒரு செம்மண் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள்... விளக்கு என்று ஒன்றுகூடக் கிடையாது. டியூஷன் முடிந்து இரண்டு பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஆறு. வீடு வந்து சேர்ந்தது அக்கா மட்டும்தான்.

ஆட்ரி, இப்போதே பயந்து காலை நாற்காலி மேலே தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

என்னோடு வேலை செய்கிற மலரின் நாத்தனார்தான் அந்த அக்கா. பெயர் மாதவி. தங்கை வாணியை மறுநாள் காலையில் சாலையோரக் கால்வாயிலிருந்து தூக்கினார்கள். நான் கையை இறுக்கித்தான் பிடித்திருந்தேன், அவள்தான் உதறிவிட்டு ஓடினாள் என்று மாதவி போலீசிடம் சொன்னாள். சொந்தக்காரர்களிடம் சொன்னாள். பிறகு கணவனிடம், பெற்ற பிள்ளைகளிடம்... முப்பது வருடம். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. சொல்லிச் சொல்லி, அப்படித்தான் நடந்தது என்று அவளே நம்பிவிட்டாள்.

அவள் அம்மா மட்டும் அதைக் கேட்டு ஒரு நாளும் தலையாட்டியதில்லை. கிள்ளானில் ஒரே வீட்டில் இருந்தும், சாப்பிட்டாயா என்பதற்கு மேல் மகளோடு பேச்சு கிடையாது.

அதற்காகத்தான் மாதவி அந்தச் சம்பவத்தையே நாடகமாக எழுதினாள். போன வருடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டால் நம்பிவிடுவாள் என்று ஓர் ஆசை. பாவம். அக்காவாக அவளே நடித்தாள். வாணியாக ஷாமினி என்ற எட்டு வயதுப் பிள்ளை. மலாய்ப் பள்ளியில் படிக்கிறவள், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் மாதவி வசனம் எல்லாவற்றையும் தானே பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நம் ஊரில் பாதி நாடகம் அப்படித்தான் மனப்பாடம் ஆகிறது.

ஒத்திகை. மூன்றாம் காட்சி. ஷாமினி கையை உதறிவிட்டு ஓட வேண்டும். ஓடவில்லை... நின்றாள்.

“அக்கா, சிலிப்பர் சேத்துல மாட்டிக்கிச்சு. நில்லு.”

அப்படி ஒரு வரியை மாதவி எழுதவே இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள்.

“ஆன்டி வாய்ஸ்லதான் இருக்கு,” என்றது பிள்ளை.

மாதவி போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவள் குரல்தான். மூன்றாம் காட்சி வந்தது. திடீரென்று தவளைச் சத்தம்... படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஏர்கான் போட்டுக்கொண்டு பதிவு செய்தது அது. அப்புறம் சேற்றில் கால் வைத்து எடுக்கும் சத்தம். சளக்... சளக். சின்னப் பிள்ளை ஒன்று நில்லு, நில்லு என்கிறது. அதற்குப் பிறகு இன்னொரு சிறுமி, மூச்சிரைக்க. கேட்டவுடனே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயது மாதவி.

“கையை விடு வாணி.”

அந்த இடத்திலேயே அதை அழித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஷாமினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பட்டப்பகலில், வாயால் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளையும் சரியாகவே செய்தது.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அம்மா முன் வரிசையில். மூன்றாம் காட்சிக்கு விளக்கு மங்கியது. அடைத்துக் கிடந்த அந்த ஏர்கான் குளிரில் ஒரு வாடை... கால்வாய்ச் சேறும் அழுகிய செம்பனைக் குலையும் கலந்த வாடை. மாதவி பிடித்திருந்த கை சில்லிட்டுப் போனது. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல். கீழே பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்தச் சின்னக் கை மெதுவாக... மெதுவாக இறுக்கியது.

மாதவி உதறினாள். உதறிவிட்டு ஓடினாள், மேடையை விட்டே. அன்றைக்கு ஓடிய மாதிரியே. ஓடும்போதே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கூட்டம் எழுந்து கைதட்டியது. அபாரமான நடிப்பாம்.

உடை மாற்றும் அறைக்கு அம்மா வந்தாள். நான்தான் விட்டேன், பயத்தில் நான்தான் விட்டுவிட்டு ஓடினேன் என்று மாதவி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். முப்பது வருடத்தில் முதல் முறையாக அம்மா அவள் தலையைத் தடவினாள்.

“தெரியும்டி. வாணி அன்னிக்கு ராத்திரியே ஈரக் கவுனோட வந்து என்கிட்ட சொல்லிட்டா. நீ எப்போ சொல்லுவேன்னுதான் வீட்டுல நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம்.”